நட்டுக்கும் ஒரு ‘ங்க’

உலகத்தில் இரும்புக்கு மரியாதை கொடுத்துப் பேசிய மனிதன் ஒரே ஒருவன்தான். அவன் ராசிபுரத்தில் எங்கள் பஸ் ஷெட்டில் மெக்கானிக்காக இருந்தான். கலெக்டர் கச்சேரி வாசலில் மனுவோடு நிற்கிறவர்கள்கூட அவ்வளவு பணிவாகப் பேசி நான் கேட்டதில்லை. கட்டை விரல் அளவு நட்டு ஒன்றின் முன்னால் குந்தி உட்கார்ந்து, "கொஞ்சம் மனசு வெச்சு வாங்க சாமி" என்று அவன் கெஞ்சுவான். புதிதாகப் பார்க்கிறவர்கள், உள்ளே யாரோ பெரிய மனிதர் கதவைச் சாத்திக்கொண்டு இருக்கிறார் என்றுதான் நினைப்பார்கள்.

அவனை நாங்கள் மரை என்று கூப்பிட்டோம். மோட்டார் சமாசாரம் தெரியாத வாசகர்களுக்காகச் சொல்கிறேன். போல்ட்டின் உடம்பில் சுற்றிச் சுற்றிப் போகிறதே ஒரு புரி, அதற்குப் பெயர் மரை. நட்டு அதைப் பிடித்துக்கொண்டுதான் ஏறும், இறங்கும். புத்தி கொஞ்சம் இடம் மாறியவனை மரை கழன்றவன் என்று நம் பக்கத்தில் சொல்வார்கள் இல்லையா? கம்பெனியில் ஆரம்பத்தில் அவனையும் முழுசாக அப்படித்தான் சொன்னார்கள். நாளடைவில் ‘கழன்றவன்’ கழன்று போய் மரை மட்டும் நின்றுவிட்டது.

அவனோ அதைப் பட்டம் என்று எடுத்துக்கொண்டான். "மரை இல்லாட்டி போல்ட்டு வெறும் ஆணிங்க. இந்தக் கம்பெனிக்கு நான் அப்படின்னுதானுங்க பேரு வெச்சிருக்கறாங்க" என்று புதிதாக வந்த ஆட்களிடம் விளக்கம் சொல்வான். நாங்கள் யாரும் மறுக்கவில்லை. சந்தோஷமாக இருக்கிற மனிதனை எதற்கு இறக்கி விட வேண்டும்?

ஆள் நல்ல நெட்டை. மற்றவர்கள் காதில் அத்தர் பஞ்சு வைப்பார்கள். இவன் விளக்கெண்ணெயும் மண்ணெண்ணெயும் கலந்து நனைத்த பஞ்சு வைத்திருப்பான். வழியில் எங்காவது ஏதாவது கிறீச்சென்றால் சட்டென்று காதிலிருந்து எடுத்து இரண்டு சொட்டுப் பிழிந்துவிட்டு, மறுபடியும் காதில் செருகிக்கொள்வான். முதலாளி வீட்டு இரும்புக் கேட்டுக்கு அவன் அப்படி வைத்தியம் பார்த்ததை நானே கண்ணால் பார்த்திருக்கிறேன்.

அவன் பேச்சில் ‘ங்க’ இல்லாத வாக்கியம் கிடையாது. கொங்குச் சீமையில் எல்லோரும்தான் ‘ங்க’ போடுகிறோம், அதில் என்ன அதிசயம் என்று கேட்பீர்கள். நாம் மனிதர்களுக்குப் போடுகிறோம். இவன் ஷெட்டு வாசலில் படுத்திருக்கிற நாயிடம், "அக்கட்டால தள்ளிப் படுங்க, பஸ்ஸு வருது" என்பான். நாயும் எழுந்து தள்ளிப் படுக்கும். நான் சொன்னால் அது ஒரு கண்ணை மட்டும் திறந்து பார்க்கும்.

துருப்பிடித்து இறுகிப்போன நட்டைப் பற்றி அவனிடம் ஒரு சித்தாந்தம் இருந்தது. அதைக் கேட்காமல் எங்கள் ஷெட்டில் ஒருவரும் தப்ப முடியாது.

"துருப்புடிச்ச நட்டுன்னா யாருன்னு நெனைக்கறீங்க? மாமனார் ஊட்டுல கோவிச்சுக்கிட்டு மூலையில உக்காந்த மாப்பிள்ளைங்க. கையப் புடிச்சு இழுத்தா வருவாருங்களா? இன்னம் முறுக்கிக்குவாரு. முதல்ல தோளைத் தட்டிக் குடுக்கோணும். அப்புறம் ஒத்தடம். அப்புறம் எண்ணெ தேச்சு ஊற உடோணும். பொறவு நீங்களாத்தான் வரோணும்னு மரியாதையாக் கூப்புடோணுமுங்க."

சின்னச் சுத்தியலால் நட்டைச் சுற்றி மெதுவாக டொக் டொக் என்று தட்டுவான். அது தோள் தட்டல். கம்பி ஒன்றை நெருப்பில் பழுக்கக் காய்ச்சி நட்டின் மேல் வைப்பான். அது ஒத்தடம். பிறகு காதுப் பஞ்சு. அதற்கப்புறம் பக்கத்தில் உட்கார்ந்து வெற்றிலை போட ஆரம்பித்துவிடுவான். அந்த நேரத்தில் முதலாளியே வந்து கத்தினாலும், "ஊறட்டுங்க" என்பதைத் தவிர வேறு பதில் வராது.

ஒரு தடவை திருச்செங்கோட்டுப் பக்கத்துப் பண்ணைக்காரர் ஒருவரின் மோட்டார் கார் எங்கள் ஷெட்டு முன்னால் வந்து நின்றது. சக்கர நட்டு ஒன்று கழலவில்லை. மரை வேலையைத் தொடங்கி வெற்றிலை கட்டத்துக்கு வந்துவிட்டான். பண்ணைக்காரருக்குக் கோர்ட்டில் வாய்தா. குடையைத் தரையில் குத்திக்கொண்டு நின்றார்.

"இன்னம் எத்தனை நேரமப்பா?"

"அவங்க இன்னம் கோவமா இருக்கறாங்க. கோவம் ஆறோணுமுங்க."

"எவங்க?"

"உள்ள இருக்கறாங்களேங்க."

பண்ணைக்காரர் பதறிப்போனார். வெள்ளை வேட்டியோடு புழுதியில் மண்டி போட்டு, காருக்கு அடியில் தலையைக் குனிந்து, "யாருங்க அது? எதா இருந்தாலும் வெளிய வந்து பேசிக்கலாம், வாங்க!" என்று குரல் கொடுத்தார். அந்தக் குரலுக்கோ என்னவோ, அடுத்த திருப்பில் நட்டு வந்துவிட்டது. "எத்தனை பெரிய மனுசர், எத்தனை அடக்கமாக் கூப்புட்டாருங்க!" என்று மரை அவரைப் பற்றி ரொம்ப நாள் உருகிக்கொண்டிருந்தான். பண்ணைக்காரர் அதற்கப்புறம் காரை எங்கள் தெருப் பக்கமே கொண்டுவரவில்லை.

நெய் விவகாரம் இன்னும் மோசம். ராசிபுரம் நெய்யின் பெருமை உங்களுக்கே தெரியும். முதலாளி வீட்டுக்கென்று வாங்கி ஷெட்டில் வைத்திருந்த நெய்ச் சொம்பு ஒருநாள் பாதியாகிவிட்டது. "எங்கடா போச்சு?" என்று முதலாளி கேட்டார். "நம்ம மாப்பிள்ளைக்குத்தானுங்க ஊத்துனேன்" என்றான் மரை. முதலாளியின் மகளும் மருமகனும் அப்போது விருந்துக்கு வந்திருந்த சமயம். முதலாளி குளிர்ந்துபோய் வீட்டுக்குப் போனார். "நெய்யி எப்படிங்க மாப்பிள்ளை, நல்ல மணமா?" என்று விசாரித்தார். மாப்பிள்ளையோ, இந்த வீட்டுக்கு வந்த நாளாக நெய்யைக் கண்ணால் பார்க்கவில்லை என்று சொல்லிவிட்டார். வீட்டில் பெரிய ரகளை. அந்த நேரத்தில் நெய் எங்கள் பஸ் எஞ்சினில் ஓர் இறுகிய நட்டின் தலையில் உருகிக்கொண்டிருந்தது. நாமக்கல் போகிற வழியெல்லாம் பிரயாணிகள் மூக்கை உறிஞ்சிக்கொண்டு, "யாரு ஊட்ல விசேசமுங்க?" என்று கண்டக்டரான என்னைக் கேட்டார்கள்.

இதையெல்லாம் பொறுத்துக்கொள்ளலாம். ஒரு பழக்கத்தை மட்டும் எங்கள் டிரைவரால் பொறுத்துக்கொள்ளவே முடியவில்லை. எல்லாச் சடங்கும் முடிந்து, ஸ்பேனரை மாட்டியதும் மரை நட்டைக் கழற்றுகிற பக்கம் திருப்ப மாட்டான். இறுக்குகிற பக்கம், அதாவது வலப்புறமாக, ஒரு துளி திருப்புவான். "பிரதட்சிணங்க. வந்த காரியம் நல்லா முடியறதுக்கு ஒரு வலம் சுத்தோணும். எடுத்த எடுப்புல அப்பிரதட்சிணமாத் திருப்புனா அவங்க மனசு நோகாதுங்களா?" என்பான். அதற்குப் பிறகுதான் இடப்புறம் திருப்பிக் கழற்றுவான்.

டிரைவர் ஆத்தூர்க்காரர். தினமும் தண்டால் எடுப்பார், அதனால் பயில்வான் என்று பெயர். நட்டு வரவில்லை என்றால் ஸ்பேனரில் நீளக் குழாயைச் சொருகி அதன் மேல் ஏறிக் குதிப்பதுதான் அவருக்குத் தெரிந்த வழி. "கழட்ட வேண்டியதப் போய் இறுக்குறான்யா! இவனக் கட்டிப்போடுங்கய்யா!" என்று தலையில் அடித்துக்கொள்வார். ஆனாலும் பயில்வான் கைவைத்த நட்டுகள் தலை போய், மூளியாக வெளியே வரும். மரையிடம் வந்த நட்டுகள் முழுசாக வரும். இது எங்கள் எல்லோருக்கும் தெரியும், பயில்வானுக்கும் தெரியும், அதனால்தான் அத்தனை கோபம்.

இப்படிப்பட்ட மரைக்கு ஒரே ஒரு குறை. உலகத்து நட்டையெல்லாம் மாப்பிள்ளை என்று கொண்டாடியவனை மாப்பிள்ளை என்று கூப்பிட ஒரு வீடு இல்லை. வயது முப்பதைத் தாண்டிவிட்டது. வேலை உண்டு, குடி கிடையாது, பட்டுத்தறிக் குடும்பம், பார்க்கவும் லட்சணமாகத்தான் இருப்பான். ஜாதகம் போகும், பொருந்தும். பிறகு பெண் வீட்டிலிருந்து யாராவது விசாரிக்க வருவார்கள். அதோடு சரி.

கடைசியாக வந்தவர் ஷெட்டுக்குள் எட்டிப் பார்த்து மெக்கானிக் எங்கே என்று கேட்டபோது பயில்வான், "மரையா? அதோ, நட்டோட பேசிட்டிருக்கான், இருங்க முடியட்டும்" என்று கைகாட்டிவிட்டார். வந்தவர் கொஞ்ச நேரம் நின்று கேட்டார். தண்ணீர்கூடக் குடிக்காமல் போய்விட்டார். அன்று மரை சாப்பிடவில்லை. "நான் என்னங்ண்ணா தப்பாப் பேசிப்போட்டேன்? நல்ல வார்த்தைதானுங்களே பேசுனேன்" என்று என்னிடம் கேட்டான்.

அதற்கப்புறம் ஷெட்டில் எல்லோரும் கூடி ஒரு முடிவு எடுத்தோம். இனி வெளியாள் முன்னால் மரை என்று கூப்பிடுவதில்லை, நிஜப் பெயரைச் சொல்லித்தான் கூப்பிடுவது. நல்ல முடிவுதான். நிஜப் பெயர் ஒருவருக்கும் தெரியவில்லை என்பதுதான் சிக்கல். அவனையே கேட்கலாம் என்றால், இத்தனை வருஷம் கழித்து எப்படிக் கேட்பது என்று ஆளுக்கு ஆள் வெட்கப்பட்டுக்கொண்டு விட்டுவிட்டோம்.

உலகச் சண்டை முடிந்ததும் பட்டாளத்து லாரிகளை ஏலத்தில் விட்டார்கள். எங்கள் முதலாளி ஒன்றை எடுத்து, மேலே பஸ் கூண்டு கட்டி, மஞ்சள் பெயிண்ட் அடித்து, மாலை போட்டு நாமக்கல் ரோட்டில் விட்டார். எந்தக் கடற்கரையில் எத்தனை மழையில் நனைந்த லாரியோ, அடியில் பார்த்தால் இரும்பைவிடத் துரு அதிகம். விட்ட கொஞ்ச நாளிலேயே, ஒரு காலை நேரம் புதுச்சத்திரம் தாண்டியதும் இடது பக்கப் பின்சக்கரம் புஸ்ஸென்று இறங்கிவிட்டது.

பஞ்சர்தானே, ஸ்டெப்னி மாற்றினால் போகிறது என்று பயில்வான் சட்டையைக் கழற்றிவிட்டு இறங்கினார். முதல் நட்டு அசையவில்லை. இரண்டாவதும் அசையவில்லை. சுற்றியிருந்த எல்லா நட்டுகளும் ஒரே கட்சியாக இருந்தன. போல்ட்டின் தலையில் இங்கிலீஷில் ‘எல்’ என்று ஓர் எழுத்து வெட்டியிருந்தது. "இது என்ன எழுத்துய்யா?" என்று பயில்வான் கேட்டார். "லாரிங்கறதுக்கு எல் போட்டிருக்கான்" என்று நான் விளக்கினேன். அவர் திருப்தியாகத் தலையாட்டிவிட்டு, குழாயைச் சொருகி ஏறிக் குதித்தார். பிரயாணிகளில் திடகாத்திரமான நாலு பேர் கூடச் சேர்ந்து குதித்தார்கள். ஸ்பேனர் வளைந்தது, நட்டு இன்னும் இறுகியதுபோல் இருந்தது. அந்தப் பக்கமாக ராசிபுரம் போன ஒரு சைக்கிள்காரரிடம், மரையை உடனே வரும்படி சொல்லி அனுப்பினேன்.

அப்போதுதான் ஒரு பெரியவர் பஸ்ஸிலிருந்து இறங்கி என் பக்கத்தில் வந்து நின்றார். கையில் துணிப்பை, அதில் நூல் கண்டுகள் தெரிந்தன.

"பஸ்ஸு எப்பங்க நாமக்கல்லு போகும்?"

"சக்கரம் மாட்டுனா போகுமுங்க."

பதில் சொன்ன பிறகும் அவர் நகரவில்லை. பஸ் நேரம் கேட்டுவிட்டு, சொன்ன பிறகும் போகாமல் நிற்கிறவர் பெண் வீட்டுக்காரர்தான். எங்கள் பக்கத்தில் மாப்பிள்ளையை விசாரிக்கிற சம்பிரதாயமே அதுதான். யாரும் நேராக வந்து கேட்க மாட்டார்கள்.

"ஏனுங்க, உங்க கம்பெனியில..." என்று ஒரு பெயரைச் சொன்னார். "அப்படின்னு ஒரு மெக்கானிக்கு இருக்கறாருங்களா?"

"அப்படி யாரும் இல்லீங்களே" என்று என் வாய் முந்திக்கொண்டது.

"நெட்டையா இருப்பாருங்களாமா. காதுல பஞ்சு வெச்சிருப்பாருங்களாமா."

"ஓ, அவருங்களா! தங்கமான ஆளுங்க!"

"பேரே தெரியாத ஆளு தங்கம்னு எப்படீங்க உங்களுக்குத் தெரியும்?"

பேச்சை மாற்ற, நான் அவர் ஊரை விசாரித்தேன். பெரியவர் பள்ளிபாளையத்து நெசவுக்காரர். இரண்டு பெண்கள். மூத்தவளைச் சொந்தக்காரர்கள் பேச்சைக் கேட்டு விசாரிக்காமல் கொடுத்துவிட்டாராம். அவள் தினம் கண்ணைக் கசக்குகிறாளாம். அதனால் இளையவளுக்குத் தானே நேரில் வந்து விசாரிப்பதென்று, முந்தின நாளே ராசிபுரம் வந்து தெருத் தெருவாகக் கேட்டிருக்கிறார். "பையன் எப்படீங்கன்னா எல்லாரும் சிரிக்கறாங்க. ஏன் சிரிக்கறாங்கன்னு ஒருத்தரும் சொல்ல மாட்டேங்கறாங்க. எனக்குப் பயமா இருக்குதுங்க. ஊருக்குப் போயி வேண்டாம்னு சொல்லியுட்றலாம்னுதான் பஸ்ஸு ஏறுனேன்" என்றார்.

இவர் வேண்டாம் என்று சொல்வதற்கு இன்னும் ஒரே ஒரு காரணம்தான் பாக்கி. அந்தக் காரணம் தகரப் பெட்டியைச் சைக்கிளில் கட்டிக்கொண்டு இங்கேதான் வந்துகொண்டிருந்தது. வரச் சொல்லி ஆள் அனுப்பியதும் நான்.

மரை வருவது தெரிந்ததும் நான் எதிரே ஓடிப்போய்ச் சைக்கிளை மறித்தேன். "பொண்ணோட அப்பா பஸ்ஸுல வந்திருக்காரு. புளியமரத்தடியில நிக்கறாரு பாரு. திரும்பாதே! இன்னைக்கு ஒரு நாளைக்கு மட்டும் நட்டுகிட்டப் பேசாதே. திருப்பு, கழட்டு, மாட்டு, போயிரு. வாயைத் திறந்தே, பொண்ணு போச்சு."

அவன் முகம் போன போக்கைப் பார்க்க வேண்டும். சட்டையை இழுத்து விட்டுக்கொண்டான். தலையைக் கையால் படிய வாரினான். காதிலிருந்த எண்ணெய்ப் பஞ்சை எடுத்து, யாரும் பார்க்காமல் பைக்குள் போட்டுக்கொண்டான். "பேசலீங்ண்ணா" என்றான்.

சக்கரத்தின் முன்னால் போய் உட்கார்ந்தான். உதட்டைக் கடித்துக்கொண்டு சுத்தியலால் தட்டினான். பேச்சில்லாமல் தட்டியதால் தாளம் தப்பியது. ஸ்பேனரை மாட்டினான், கை வழுக்கியது, விரல் முட்டி பெயர்ந்து ரத்தம் வந்தது. பயில்வான் சும்மா இருக்கலாம் இல்லையா? "வெத்து வேலைய்யா இது. உளியக் கொண்டாங்க, வெட்டிப் பொளந்து எடுத்துடலாம்" என்று கத்தினார்.

மரை, வேண்டாம் என்று கையை ஆட்டிவிட்டு நட்டைப் பார்த்தான். பயில்வானின் குதியாட்டத்தில் அதன் முனையெல்லாம் மழுங்கிப் பளபளத்துக்கொண்டிருந்தது. அவன் ஸ்பேனரைக் கீழே வைத்துவிட்டு என்னைத் திரும்பிப் பார்த்தான்.

"இவங்க மூஞ்சியப் பாத்தீங்களாண்ணா? இத்தனை அடி வாங்கிட்டு உக்காந்திருக்கறாங்க. ஒரு வார்த்தை கேக்காம எப்படிங்க?"

"பொண்ணு, மரை, பொண்ணு!" என்று நான் பல்லைக் கடித்துக்கொண்டு முணுமுணுத்தேன்.

அவன் புளியமரத்தடியை ஒரு தடவை பார்த்தான். கல்யாண ஆசை அவனுக்கு எவ்வளவு என்று எனக்குத் தெரியும். முதலாளி வீட்டுக் கல்யாணத்தில் மாப்பிள்ளை ஊர்வலம் போனபோது காரின் பக்கத்திலேயே கடைசிவரை நடந்துபோனவன் அவன். இந்த இடமும் தட்டிப்போனால் இனி ஜாதகம் அனுப்புவதில்லை என்று அவன் வீட்டில் சொல்லிவிட்டார்கள் என்பதும் எனக்குத் தெரியும்.

"நான் பேசாத ஆளுன்னு நம்பிப் பொண்ணக் குடுத்துப்போட்டு, அப்புறம் அந்தப் புள்ள ஏமாந்து போயி உக்காந்திருந்தா என்னங்ண்ணா பண்றது?" என்றான். பைக்குள் கையை விட்டுப் பஞ்சை எடுத்துக் காதில் வைத்துக்கொண்டான்.

அதற்கப்புறம் அவனை யாராலும் தடுக்க முடியவில்லை. "ரொம்ப அடிச்சுட்டாங்களாங்க? அவரு கொணமே அப்படித்தானுங்க, மனசுல வெச்சுக்காதீங்க" என்று நட்டைத் தடவிக் கொடுத்தான். பயில்வானுக்கு மீசை துடித்தது. ரோட்டோரக் காப்பிக் கடை அடுப்பில் கம்பியைக் காய்ச்சி வந்து ஒத்தடம் கொடுத்தான். "சுடுதுங்களா? செத்த பொறுங்க, இப்ப ஆறீரும்." பஞ்சைப் பிழிந்தான். வெற்றிலை போட்டான். பஸ்ஸில் இருந்த அத்தனை பேரும் இறங்கி வட்டமாக நின்று வேடிக்கை பார்த்தார்கள். ஒருவர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். பள்ளிபாளையத்துக்காரர் மட்டும் புளியமரத்தடியை விட்டு நகர்ந்து, கூட்டத்தை விலக்கிக்கொண்டு மரைக்குப் பின்னால் வந்து நின்றார். அவர் சிரிக்கவில்லை. போச்சு என்று நான் மனசுக்குள் தலை முழுகினேன்.

"இப்ப எந்திரிக்கலாமுங்களா சாமி?" என்று கேட்டுவிட்டு மரை ஸ்பேனரை மாட்டினான். வழக்கம்போல் முதலில் வலப்புறமாகப் பிரதட்சிணம்.

"இறுக்குறான்யா! இத்தினி பேரையும் நடுரோட்டுல வச்சுக்கிட்டு இறுக்குறான்யா!" என்று பயில்வான் அலறினார்.

கிறீச்.

நட்டு நகர்ந்தது. உள்ளே போகவில்லை, வெளியே வந்தது. மரை கையை எடுத்துவிட்டு அதை உற்றுப் பார்த்தான். மறுபடி வலப்புறமே திருப்பினான். இன்னும் வெளியே வந்தது. நாலு திருப்பில் கழன்று கையிலேயே விழுந்தது. கூட்டம் கை தட்டியது. அவன் முகத்தில் மட்டும் சந்தோஷமில்லை, பெரிய குழப்பம்.

"நான் இன்னம் கூப்புடவே இல்லீங்களே! வலந்தானுங்க சுத்துனேன். அதுக்குள்ள வந்துட்டாங்க!"

நட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். விரல் நகத்தால் உள்ளே மரையைத் தடவிப் பார்த்தான். பிறகு சிரிக்க ஆரம்பித்தான். "ஏனுங்க, இது எதிர் மரைங்க! புரிய மாத்தி வெட்டியிருக்கறாங்க. இடப்பக்கச் சக்கரம் ஓட்டத்துல கழண்டுறக் கூடாதுன்னு அப்படி வெச்சிருப்பாங்களாட்ட இருக்குது. இதுல வலமாத் திருப்புனாத்தான் கழலும்." போல்ட்டின் தலையில் வெட்டியிருந்த ‘எல்’ இங்கிலீஷில் இடப்பக்கத்தைச் சொல்கிற எழுத்து. லாரிக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. அதாவது பயில்வானும் நாலு பிரயாணிகளும் காலையிலிருந்து குதித்துக் குதித்து அந்த நட்டுகளை இறுக்கிக்கொண்டிருந்திருக்கிறார்கள். பயில்வான் சட்டையை எடுத்து மாட்டிக்கொண்டு, ஸ்டீரிங்குக்குப் பின்னால் போய் உட்கார்ந்துவிட்டார்.

"மெக்கானிக்குன்னா இவருதான்யா! பாத்த உடனே கண்டுபுடிச்சிட்டாரு!" என்று கூட்டத்தில் ஒருவர் சொன்னார். எனக்கு உயிர் வந்தது. இதைப் பிடித்துக்கொண்டு பெரியவரிடம் நாலு வார்த்தை அளந்துவிடலாம் என்று வாயெடுத்தேன்.

"இல்லீங்க, எனக்குத் தெரியாதுங்க" என்று மரை அதற்குள் கெடுத்துவிட்டான். "பழக்க தோசத்துல சுத்துனேன். வந்துட்டாங்க. அவங்க பெருந்தன்மைதானுங்க."

சொல்லிவிட்டு அடுத்த நட்டின் தோளைத் தட்ட ஆரம்பித்தான். வழி தெரிந்துவிட்டதே, சட்டுப் புட்டென்று கழற்றலாம் அல்லவா? மாட்டான். ஒருவருக்குச் செய்த மரியாதையை மற்றவர்களுக்குச் செய்யாவிட்டால் வருத்தப்படுவார்களாம். ஒவ்வொன்றிடமும் சுகம் விசாரித்துத்தான் சக்கரத்தை மாற்றினான்.

நான் பள்ளிபாளையத்துக்காரரின் பக்கத்தில் போனேன். "கொஞ்சம் அப்படித்தானுங்க. மத்தபடி..." என்று இழுத்தேன். அவர் என் பேச்சைக் கேட்கவே இல்லை. மரையின் கையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"தறிப் பாவு நூல்ல சிக்கு உழுந்தா எம் மூத்த மருமவன் கத்திரியத் தூக்கிருவாருங்க" என்றார் மெதுவாக. "அவருக்கு உக்காந்து எடுக்கப் பொறுமை இருக்காது. எம் புள்ளையவும் அப்படித்தான். வாடி போடிங்காத நாளு கெடையாது. நாலு பேரு முன்னால ஏச்சுப் பேச்சு. போன தையில வந்தப்ப அவ என்னையப் பாத்துக் கேக்கறா, ‘அப்பா, என்னை ஒருத்தரு மரியாதையாக் கூப்புட்டு எத்தனை நாளாச்சு தெரியுமா’ன்னு." அவர் துண்டால் வாயைத் துடைத்தார்.

பிறகு மரையின் பக்கம் கையைக் காட்டினார்.

"அந்த டிரைவரு உளியெடுக்கச் சொன்னப்ப, இவரு வேண்டாம்னாரு பாருங்க. அதப் பாத்துத்தான் நான் மரத்தடிய உட்டு வந்தேன். இரும்புகிட்டயே ‘ங்க’ போட்டுப் பேசற மனுசன் எம் பொண்ண வாடின்னு கூப்புட மாட்டாருங்க. வர்ற ஞாயித்துக்கெழம ஊட்டுக்கு வரச் சொல்லுங்க. புள்ளையும் ஒருக்காப் பாத்துக்கட்டும்."

இத்தனை வருஷம் நாங்கள் சிரித்த சிரிப்பெல்லாம் எதைப் பார்த்துச் சிரித்தோம் என்று இருந்தது. ஓடிப்போய் மரையிடம் சொன்னேன். அவன் கடைசி நட்டை முடுக்கிக்கொண்டிருந்தான். "இருங்ண்ணா, இவங்கள உக்கார வெச்சுட்டு வாரேன்" என்று சொல்லி முடுக்கி முடித்தான். நிமிர்ந்தபோது அவனுக்குக் கை கால் ஓடவில்லை. ஸ்பேனரை என் கையில் கொடுத்தான், பிறகு வாங்கினான், பிறகு மறுபடியும் கொடுத்தான். பெரியவர் இருந்த பக்கம் திரும்பி ஒரு கும்பிடு போட்டான். அவரும் பையைக் கீழே வைத்துவிட்டுக் கும்பிட்டார்.

நாமக்கல் போய்த் திரும்பும்போது ராசிபுரத்தில் இறக்கிவிடலாம் என்று, சைக்கிளைப் பஸ்ஸின் மேலே ஏற்றச் சொன்னேன். டிரைவர் பக்கத்தில் மெத்தை போட்ட முன்சீட்டு ஒன்று உண்டு. அது முதலாளிக்கென்று ஒதுக்கியது. தாசில்தார் ஏறியபோதுகூட அதில் உட்கார விடாமல் காத்தவன் நான். கதவைத் திறந்து பிடித்துக்கொண்டு அவனை ஏறச் சொன்னேன்.

"வேட்டியெல்லாம் கிரீசுங்ண்ணா. சீட்டு அழுக்காயிருமுங்க" என்று தயங்கி நின்றான்.

"ஆகட்டும், ஏறி உக்காருங்க" என்றேன்.